கூட்டிச் சேர்ப்பதெல்லாம் நுணுக்கம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், நேர்ப்பாதையில் குறுகிய தூரத்தை யார் முதலில் கடப்பது என்று போட்டியிடும் டிராக் ரேஸ் கார்களின் அளவுமாதிரிகளை, அதாவது அளவு குறையாமல் சிறிதாக்கிய உருவங்களைச் செய்வோர் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டுக்கும் திரைப்படத்துக்கும் போக மிச்சமிருக்கும் இடத்தில் இப்படியொரு கைவேலைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி. பல ஆண்டுகளாக இந்த வேலையில் கையும் கண்ணும் தேய்ந்தவன் என்ற முறையில், அக்கட்டுரையில் உள்ள ஒரு தகவல் பிழையைச் சுட்டவும், புதிதாகத் தொடங்குவோருக்கு அது கூறியிருக்கும் அறிவுரையோடு மாறுபடவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிராக் ரேஸின் மிக வேகமான பிரிவான டாப் ஃபியூயலின் இன்றைய கார்கள் கால் மைல் தூரத்தை நான்கு வினாடிக்கும் குறைவான நேரத்தில் கடப்பதாகக் கட்டுரை கூறுகிறது. நேரம் சரி, தூரம்தான் தவறு. டிராக் ரேஸின் மரபான தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி என்பது உண்மையே. ஆனால் 2008 ஜூன் மாதம் நியூ ஜெர்சி மாநிலத்தின் இங்கிலிஷ்டவுன் ஓடுதளத்தில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் தகுதிச்சுற்றில் உயிரிழந்த பிறகு, நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் டாப் ஃபியூயல், ஃபன்னி கார் ஆகிய இரு பிரிவுகளுக்கும் அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டது. வேறு பல பிரிவுகள் இன்றும் கால் மைல்தான் ஓடுகின்றன. மாதிரியின் அடிப்பலகையில் தூரத்தையும் நேரத்தையும் பொறித்து வைக்கும் வழக்கம் எங்களில் பலருக்கு உண்டு என்பதால் இதைத் திருத்தியாக வேண்டும்.

இனி அறிவுரைக்கு வருகிறேன். கிட்டுடன், அதாவது ஒட்டிச் சேர்ப்பதற்கென்று விற்கப்படும் பெட்டியுடன், வரும் பாகங்கள் போதாது, தனியே விற்கப்படும் நுண்பாகங்களை எவ்வளவுக்கு எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு மாதிரி உண்மைக்கு நெருங்கும் என்ற பொருள்பட அக்கட்டுரை எழுதப்பட்டிருந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படியே நம்பினேன். வயர், ஹோஸ், போல்ட் தலை, அமிலம் கொண்டு அரித்தெடுத்த உலோகத் தகடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டினேன். முடிவில் மேசை மீது நின்றது நிறையப் பொருள்கள் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் வண்டியே தவிர, நான் செய்ய நினைத்த கார் அன்று. நுணுக்கம் என்பது எண்ணிக்கை அல்ல, அளவுக்குக் கட்டுப்படுவது என்று புரிய எனக்கு மூன்று மாதிரிகள் வீணாக வேண்டியிருந்தது.

அளவுக்குக் கட்டுப்படுவது என்றால் என்ன என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். இந்த வேலையில் பெரும்பாலும் புழங்குவது 25-இல் ஒரு பங்கு அளவு. இதில் மாதிரியின் ஒரு மில்லிமீட்டர், உண்மைக் காரின் 25 மில்லிமீட்டருக்குச் சமம். உண்மைக் காரில் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் வயரின் கனம் ஏறத்தாழ 7 மி.மீ. என்றால், மாதிரியில் அது 0.28 மி.மீ. ஆக இருக்க வேண்டும். ஆனால் நாம் ஆசையோடு வாங்கிச் செருகும் வயர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம் கொண்டது. அப்படியானால் அந்தக் காரின் என்ஜின் மீது சுண்டுவிரல் பருமனுள்ள எட்டுக் கயிறுகள் கிடக்கின்றன என்று பொருள். வயரே இல்லாத மாதிரியைப் பார்க்கும் கண், வயர் விடுபட்டிருக்கிறது என்று எண்ணிக் கடந்து போகும். பருத்த வயரைப் பார்த்தாலோ, அதற்குப் பிறகு வேறெதையும் பார்க்காது.

பெயின்ட்டுக்கும் இதே கதிதான். உண்மைக் காரின் மேல் உள்ள பெயின்ட் முழுவதும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதே கனத்தை மாதிரியின் மேல் அடித்தால், 25 மடங்கு பெருக்கிப் பார்க்கையில், காரின் மீது இரண்டரை மில்லிமீட்டர் தடிமனில் சாந்து பூசியது போலாகிவிடும். கதவு இடைவெளிகளும் ரிவெட் தலைகளும் அதற்குள் மூழ்கிப்போகும். 1960-களில் டிராக் ரேஸ் கார்களுக்கு மிகவும் பிடித்தமாயிருந்த மெட்டல் ஃபிளேக் பெயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மின்னும் துகள் 0.2 மி.மீ. அளவில் இருந்தால், அதே பெயின்ட்டை மாதிரிக்கு அடிக்கும்போது அது காரின் மேல் மிளகளவு துகள் ஒட்டியது போன்ற தோற்றத்தைத் தரும். எனவே உண்மையான பெயின்ட்டைப் பயன்படுத்தினேன் என்று பெருமையாகச் சொல்வது இங்கே தவற்றை ஒப்புக்கொள்வதற்குச் சமம். கிடைப்பதிலேயே மிக நுண்ணிய வெள்ளி நிறத்தை ஏர்பிரஷ்ஷால் மெல்லியதாக அடித்து, அதன் மேல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் வண்ணத்தை இரண்டு மூன்று முறை ஏற்றினால், துகள் தெரியாவிட்டாலும் துகளின் மினுக்கம் தெரியும். இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு வேண்டியது அந்த மினுக்கம்தான்.

இதே விதியைத் தலைகீழாகவும் கையாள வேண்டிய இடம் உண்டு. என்ஜினின் இரு பக்கமும் மேல்நோக்கி வளைந்து நிற்கும் புகைக்குழாய்களின் தகடு, அளவுப்படி கணக்கிட்டால், பிளாஸ்டிக்கில் செய்ய முடியாத அளவுக்கு மெல்லியது. முழுக் குழாயையும் மெல்லியதாக்க முயல்வது வீண். துளையிட்ட பின் வாய்ப்பகுதியின் உள்விளிம்பை மட்டும் கத்தி முனையால் சரிவாகச் சுரண்டிக் கொடுத்தால் போதும், கண் குழாய் முழுவதையும் மெல்லிய தகடாகவே எடுத்துக்கொள்ளும். இது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். என் கணக்கில் இதுவும் அளவுக்குக் கட்டுப்படுவதுதான், ஏனென்றால் அளவுமாதிரியைப் பார்க்கும் கண் மட்டும் 25-இல் ஒரு பங்காகச் சுருங்குவதில்லை.

அடுத்தபடியாக, சேர்க்கிற பாகம் எதற்காக இருக்கிறது என்பது தெரியாமல் அதைச் சேர்க்கக் கூடாது. முதன்முதலில் வயர் இழுத்த மாதிரியை, வாழ்நாளெல்லாம் என்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், “வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகாதுப்பா,” என்றார். நான், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் மூடியிலிருந்து வயர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக சிலிண்டர்களுக்கு இழுத்திருந்தேன். அந்த மாதிரியில் இருந்த, எட்டு சிலிண்டர் கொண்ட கிறைஸ்லர் ஹெமி வி8 என்ஜினின் எரிவரிசையோ, அதாவது சிலிண்டர்களில் எரிபொருள் பற்றும் வரிசையோ, 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை எண்கள் வலப்பக்கம் என்பதால், இந்த வரிசைப்படி இழுக்கும்போது வயர்கள் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் குறுக்கீடுதான் நிழற்படங்களில் நாம் காணும் ஒழுங்கற்ற அழகு. என் மாதிரியில் வயர்கள் தலைவாரிப் பின்னியது போல அடுக்காக இருந்ததே அது பொய் என்று சொல்லிவிட்டது.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் என்ஜினைப் படிக்கத் தொடங்கினேன். 1950-களின் ஹெமியான 392 கன அங்குல என்ஜினில், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருக்கும். 1964-இல் வந்த 426 கன அங்குல ஹெமியில் அது முன்பக்கம் இருக்கும். ரேஸ் காரில் அதன் இடத்தை மேக்னெட்டோ பிடித்துக்கொள்கிறது. வேண்டுமென்றே இடம் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு என்றாலும், பழைய என்ஜினின் உடலுக்குப் புதிய என்ஜினின் மேக்னெட்டோவைப் பொருத்திவிட்டு நிழற்படத்தைத் தேடுவது பிள்ளையார் பிடிக்கப் போன கதையாகத்தான் முடியும். இன்றைய டாப் ஃபியூயல் காரில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் பதினாறு ஸ்பார்க் பிளக்குகளும் இரண்டு மேக்னெட்டோக்களும் இருப்பதைப் பார்த்துவிட்டு, 1960-களின் காருக்கும் பதினாறு வயர் இழுத்த நண்பர் ஒருவரை அறிவேன். கை நடுங்காமல் அவர் செய்த வேலையை இன்றும் வியக்கிறேன். ஆனால் எட்டு வயர் மிகை. அதே போல, இந்தக் கார்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஓட்டமே சில வினாடிகள்தான் என்பதால் வெப்பத்தைத் தணிக்க நீரைச் சுற்றவிடும் ஏற்பாடே தேவைப்படுவதில்லை. சாலைக் காரின் என்ஜினைச் செய்து பழகிய கை, பழக்கத்தில் ரேடியேட்டர் ஹோஸைத் தேடும். இங்கே அது இல்லாமலிருப்பதே சரியான நுணுக்கம்.

என்ஜினின் மேல் பெட்டி போல உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜரைப் பற்றி ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிட ஆசைப்படுகிறேன். டிராக் ரேஸ்காரர்கள் அதை 6-71 என்று அழைத்த காரணம், அது முதலில் அந்தப் பெயருள்ள ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) டீசல் என்ஜினுக்குக் காற்று ஊட்டுவதற்காகச் செய்யப்பட்டது என்பதே. ஆறு சிலிண்டர், சிலிண்டர் ஒன்றுக்கு 71 கன அங்குலம். பெருக்கிப் பார்த்தால் 426 வருகிறது. கனரக வாகனத்தின் டீசல் என்ஜினிலிருந்து கழற்றிய காற்றூட்டி, பின்னாளில் அதே 426 கன அங்குலம் கொண்ட பெட்ரோல் என்ஜினின் தலையில் ஏறி உட்கார்ந்தது தற்செயல்தான். ஆனால் மேசை விளக்கின் கீழ் அந்தச் சிறு பெட்டியின் விலா எலும்பு போன்ற வரிகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இப்படிப்பட்ட செய்திகளே துணை.

எரிபொருள் குழாய்களைப் பொறுத்தவரை நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியாத குழாயை ஒட்டுவதில்லை. என்ஜின் முன்னும் ஓட்டுநர் பின்னுமாக இருந்த பழைய வகை டிராக்ஸ்டரில், அதாவது நீண்டு ஒல்லியான டிராக் ரேஸ் காரில், எரிபொருள் தொட்டி பொதுவாக மூக்குப் பகுதியில் இருக்கும். அங்கிருந்து தடித்த குழாய் ஒன்று என்ஜினின் முன்முகத்தில் உள்ள பம்புக்கு வரும். பம்பிலிருந்து அளவுக்கட்டுப்பாட்டு வால்வுக்கும், வால்விலிருந்து இன்ஜெக்டரின் நுண்துளைகளுக்கும் மெல்லிய குழாய்கள் பிரியும். மிஞ்சும் எரிபொருள் தொட்டிக்கே திரும்ப வேறொரு குழாய் உண்டு. இந்தப் பயணத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் எத்தனை குழாய், எந்தக் கனம், எங்கே வளைவு என்பதெல்லாம் தாமாகவே அமைந்துவிடும்.

சட்டகத்தைப் பற்றிக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்கு வியப்பளித்தது, ஏனெனில் டிராக்ஸ்டர் மாதிரிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். 1960-களின் இறுதியில் இந்தக் கார்களின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் 200 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. இன்றைய டாப் ஃபியூயல் கார்களில் அது 300 அங்குலம். 25-இல் ஒரு பங்காக்கினால்கூட முறையே எட்டு அங்குலமும் ஒரு முழு அடியும் நீளமுள்ள, ஒன்றரை மில்லிமீட்டர் பருமனே உடைய குழாய்களால் ஆன ஏணி அது. உண்மைக் காரின் சட்டகம் ஓட்டத்தின்போது ஓரளவு வளைந்துகொடுக்கும்படியே கட்டப்பட்டது என்று அறிந்தவர்கள், தம் மாதிரியின் கோணலுக்கும் அதையே சமாதானமாகச் சொல்வதுண்டு. நிற்கும் கார் கோணலாக நிற்பதில்லை. தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் சட்டகத்தை வைத்து, எடை ஏற்றி, பசை நன்றாக இறுகும்வரை இரண்டு நாள் தொடாமல் விட்டுவிடுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. பாலிஸ்டைரீன் பசை வெறுமனே ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கிறது. கரைந்த பகுதி மீண்டும் கெட்டிப்படும்வரை அது எந்தப் பக்கமும் சாயும். குரோம் பூசிய பாகங்களில் பசை படும் இடத்தில் குரோமைச் சுரண்டிவிட வேண்டும் என்பதும் இதனால்தான். பசை பிளாஸ்டிக்கைத் தொட்டால்தானே கரைக்கும்.

சக்கரங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும் ஒன்றோடு நிறுத்துகிறேன். கிட்டுகளில் வரும் மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் இளக்கிப் பொருள், ஆண்டுகள் செல்லச் செல்ல அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தை உருக்கிவிடும். அரும்பாடுபட்டுச் செய்த மாதிரி ஒன்றை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பெட்டியிலிருந்து எடுத்தபோது, டயர் சக்கரத்தைத் தின்றிருந்ததைக் கண்டவன் நான். இரண்டுக்கும் இடையே மெல்லிய உலோகத் தாளைச் சுற்றிவிடுவது நல்லது.

இதுவரை கூறியதெல்லாம் கைவேலை. இவற்றைக் காட்டிலும் கடினமான கேள்வி ஒன்று உண்டு: செய்யப்போவது எந்த நாளின் கார்? டிராக் ரேஸ் கார் ஒரே நிலையில் இருப்பதில்லை. வாரத்துக்கு வாரம் என்ஜின் மாறும், காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கை ஏறும், விளம்பர எழுத்து மாறும். அமெரிக்க டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் கார்களை எடுத்துக்கொள்வோம். 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில், அவருடைய ஸ்வாம்ப் ராட் 13 என்ற கார் புறப்பட்ட கணத்தில் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. அந்த வகைக் காரில் ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னால், என்ஜினையும் டிரான்ஸ்மிஷனையும் எதிர்நோக்கி உட்கார்ந்திருப்பார். கார் இரண்டு துண்டானது; அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. ஓட்டுநருக்குப் பின்னால் என்ஜினை வைத்து அவர் அடுத்துக் கட்டிய ஸ்வாம்ப் ராட் 14, 1971-இல் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் போட்டியில் வென்றது. என்ஜினைப் பின்னால் வைத்துப் பார்த்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. நேராக ஓட்ட முடியாமல் கைவிட்டார்கள். ஸ்டீயரிங் சிறிது திருப்பினாலே சக்கரம் அதிகமாகத் திரும்புவதுதான் சிக்கல் என்று கண்டு, அதன் விகிதத்தை மந்தப்படுத்திய பிறகுதான் அவருடைய கார் நேராக ஓடியது. தொடக்க ஓட்டங்களில் இல்லாத பின் இறக்கை பின்னரே அதன் மேல் ஏறியது.

ஸ்வாம்ப் ராட் 14-ஐச் செய்யப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், இறக்கைக்கு முன்பா, பின்பா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. இறக்கை, எழுத்து, சக்கரம் மூன்றும் ஒரே நாளின் நிழற்படங்களில் ஒத்துப்போக வேண்டும். இணைப்பில் வந்த அறிவுரையின்படி, கிடைக்கும் பாகங்களையெல்லாம் சேர்த்தால், தொடக்க நாளின் எழுத்தும் பின்னாளின் இறக்கையும் கொண்ட, ஒரு நாளும் ஓடியிராத கார் ஒன்று உருவாகும். ஒவ்வொரு பாகமும் தனித்தனியே உண்மை, மொத்தம் பொய். அருங்காட்சியகத்தில் நிற்கும் காரைப் பார்த்துச் செய்தேன் என்பதும் முழுப் பாதுகாப்பு அன்று. பழைய ரேஸ் கார்கள் பல, கைமாறிப் பிரிக்கப்பட்டு, பின்னர் யாரோ தேடிச் சேர்த்து மீட்டெடுத்தவை.

ஒரே நாளின் படங்களை மட்டும் நம்பினால் தெரியாத பகுதிகள் நிறைய மிஞ்சும். காரின் ஒரு பக்கத்தை எல்லோரும் படமெடுத்திருப்பார்கள், மறுபக்கத்தில் ஒரு பிராக்கெட் எப்படி இருந்தது என்பதற்குச் சான்றே கிடைக்காது. அங்கே ஊகித்துத்தான் ஆக வேண்டும். ஊகித்த இடங்களைச் சிறு அட்டையில் எழுதி மாதிரியின் அடிப்பலகைக்குக் கீழே ஒட்டி வைப்பதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். கடைசியாகச் செய்த மாதிரியின் அட்டையில் பதினொரு வரிகள் உள்ளன. அந்த மாதிரியைப் பார்க்க வருகிறவர்கள் வண்டியைவிட அந்த அட்டையைத்தான் அதிக நேரம் படிக்கிறார்கள் என்பது எனக்குச் சற்று வருத்தம்தான்.

அழுக்கு ஏற்றுவது பற்றியும் ஒரு சொல். போர் டாங்கி மாதிரிகளில் துருவும் சேறும் பூசும் வழக்கம் இப்போது கார்களுக்கும் பரவி வருகிறது. டிராக் ரேஸ் அணியினர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே காரைப் பிரித்து, துடைத்து, பூட்டுபவர்கள்; காரின் பக்கவாட்டில் இருப்பது அவர்களுக்குப் பணம் தரும் விளம்பரப் பெயர். அழுக்கு இருக்கும் இடங்கள் குறிப்பானவை: பின் டயரின் பின்னால் ரப்பர் துகள், புகைக்குழாய் நுனியில் வெப்பத்தின் நீலமும் பழுப்பும். அதற்கு மேல் வேண்டாம்.

கட்டுரையின் தலைப்பில் இவற்றைப் பொம்மைகள் என்று குறித்திருந்ததை என் நண்பர்கள் சிலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பொம்மைக்கும் இந்த விளையாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1970-இல் டான் புருடோம், டாம் மெக்கியூவன் ஆகிய இரு ஓட்டுநர்களின் ஃபன்னி கார்களுக்கும் பண உதவி செய்ததே ஹாட் வீல்ஸ் பொம்மைகளைச் செய்யும் மேட்டெல் நிறுவனம்தான். பொம்மை விற்ற பணத்தில் உண்மைக் கார் ஓடியிருக்கிறது என்னும்போது அந்தச் சொல்லில் இழிவு ஏதுமில்லை. நான் குறையாகக் காண்பது வேறு. கட்டுரையோடு வந்த ஐந்து நிழற்படங்களில் ஒன்றின் கீழும் அந்த மாதிரி என்ன அளவு, எந்தக் கார், எந்த ஆண்டின் நிலை என்ற குறிப்பு இல்லை. கையடக்கமானதா, கை நீளமுள்ளதா என்றுகூட வாசகரால் அறிய முடியவில்லை.

இந்தத் தொடரின் அடுத்த பகுதி வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 1,000 அடி பற்றிய திருத்தத்தை வெளியிடுமாறும், படங்களின் கீழ் அளவையும் ஆண்டையும் குறிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். படமெடுக்கச் செல்பவர், மாதிரியின் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து ஒரே ஒரு படமாவது எடுத்து வந்தால், எங்களைப் போன்றவர்கள் அந்த வயரின் கனத்தை வீட்டிலிருந்தபடியே அளந்துகொள்வோம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்